இடியோடு கட்டிய கிரைண்டர்

தாராவியில் தங்கமயிலின் மாவுக்கடைப் பின்சுவரை ஒட்டித்தான் இடிதாங்கிப் பட்டை இறங்குகிறது. மூன்றாவது மாடிக்கு மேலே நிற்கிற கம்பியிலிருந்து வந்து, சந்தில் தோண்டிய எர்த் குழிக்குள் போகும். சுவருக்கு இந்தப் பக்கம் இட்லி மாவு ஆட்டுகிற இரண்டு பெரிய கிரைண்டர்கள். நாள் முழுக்க ஈரத்தரை, வெறுங்கால்.

கிரைண்டருக்கு வேறு எர்த், வேறு குழி. போன மாதம் அவள் கொழுந்தன் மாரிக்கண்ணன் சுவரில் துளை போட்டு, இரண்டு எர்த்தையும் தடித்த கம்பியால் சேர்த்து, நட்டு முடுக்கிவிட்டுப் போனான். எலக்ட்ரிக் வேலைதான் அவனுக்குப் பிழைப்பு. தங்கமயிலுக்கு அது பொறுக்கவில்லை.

"இடிய கொண்டாந்து என் கிரைண்டரோட கட்டிப் போட்டிருக்கான். கூறு இருக்கா இவனுக்கு?" என்று சந்தெல்லாம் சொல்லித் திரிந்தாள். கேட்டவர்களும் ஆமாம் என்றார்கள். ஒரு சாயங்காலம் ஸ்பேனரை எடுத்து நட்டைக் கழற்றி, கம்பியைச் சுருட்டி, உளுந்து டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். அன்றைக்குத்தான் அவளுக்குச் சோறு நிம்மதியாக இறங்கியது.

மறுநாள் மத்தியானம் குர்லாப் பக்கம் வானம் கறுத்தது. மழைக்காலத்துக்கு முந்தி வருகிற முரட்டு இடி. வேலைக்காரப் பெண்கள் மாரிசெல்வியும் ஷமீமாவும் கிரைண்டருக்குள் கைவிட்டு மாவை வழித்துக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது. மாரிக்கண்ணன்.

"மைனி, கோவண்டில ஒரே மின்னல் வெட்டு. மெயின அணைச்சிருங்க. ஆனா பயப்படாதீங்க, அதான் சேத்துக் கட்டியிருக்கம்லா."

"கட்டுனா என்னடே ஆகும்? அதையும் சொல்லித் தொலை."

"மொத மழைக்கு நம்ம சந்துச் சாக்கடை என்ன செய்யும்? அம்புட்டுத் தண்ணியவும் ஒரேயடியா முழுங்காது, ஏறி நிக்கும்லா? எர்த் குழியும் அப்படித்தான். இடி எறங்குத அந்தக் கண்ணிமைப்புல பட்டையில வோல்டேஜ் ஏறி நிக்கும். கிரைண்டரும் கூடச் சேந்து ஏறிட்டா ஒண்ணுமில்ல. அது மட்டும் கீழ நின்னா, இடி குறுக்க தாவி அதுல விழுந்துரும். தொட்டுக்கிட்டு இருக்கவன் காலி."

போனை மாவுக்குள் போட்டாளா, தரையில் போட்டாளா, தங்கமயிலுக்கே தெரியாது.

"ஏட்டி, கைய எடுங்க. வெளிய போங்க."

"இன்னும் கொஞ்சந்தான்க்கா, வழிச்சிருதோம்," என்றாள் மாரிசெல்வி.

"மாவு நாசமாப் போகட்டும். ஷமீமா, சோட் தே, பாஹர் சல்," என்று இந்தியிலும் விரட்டினாள்.

மெயினை அணைத்து, இரண்டு பேரையும் முதுகில் கைவைத்துத் தள்ளி, எதிர்த்த டீக்கடைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தாள். செருப்புக்கூடப் போடவிடவில்லை. ஷமீமா முழங்கை வரை மாவோடு நின்றாள்.

"அக்காவுக்குப் பேய் புடிச்சிருக்கு," என்று மாரிசெல்வி முணுமுணுத்தாள்.

அப்போது விழுந்தது. சந்து முழுக்க வெள்ளையாகிக் காது அடைத்தது. திறந்து கிடந்த கதவு வழியே தங்கமயில் பார்த்தாள். பின்சுவர்த் துளையிலிருந்து நீலமாக ஒரு வெட்டு பாய்ந்து கிரைண்டரின் ஸ்டீல் உடம்பில் அடித்தது. மாரிசெல்வி நின்றிருந்த இடம்.

தங்கமயில் இரண்டு பேரின் கைகளையும் பிடித்து விரல் விரலாகத் தடவிப் பார்த்தாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாதி அழுகையிலேயே சிரிப்பும் வந்துவிட்டது.

"செருப்பில்லாம இழுத்துட்டு வந்ததுக்கு ஒரு டீயாவது சொல்லுங்கக்கா," என்றாள் மாரிசெல்வி.

"டீ என்னட்டி டீ, பன் மஸ்காவும் தின்னு."

இடியும் மழையும் ஓய்ந்த பிறகு மாரிக்கண்ணன் தொப்பலாக வந்து சேர்ந்தான். கருகிய மோட்டாரை முகர்ந்தான். கம்பி இல்லாத துளையைப் பார்த்தான்.

"எவன் கழட்டுனது?"

"நாந்தான்."

ஏதோ சொல்ல வாயைத் திறந்தவன், டீக்கடையில் பன் தின்றுகொண்டிருந்த இருவரையும் பார்த்தான். "மோட்டாரோட போச்சு மைனி," என்று மட்டும் சொன்னான்.

அவள் உளுந்து டின்னுக்குப் பின்னாலிருந்து கம்பியை எடுத்துவந்தாள். அவன் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"கழட்டுனவ நான், நானே மாட்டுதேன். நீ முடுக்கு சரியான்னு மட்டும் பாரு."

ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சு முட்ட முடுக்கினாள். அவன் கம்பியை ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை.

"இந்த முடுக்கு முடுக்குனா, நானே நெனச்சாலும் கழட்ட முடியாது மைனி."

"நீ எதுக்குக் கழட்டப் போற?" என்றாள் தங்கமயில்.