மேல்பூட்டு

தோட்டத்து ஷெட்டின் பூட்டுக்குள்ளும் அந்தத் திறப்பு நுழையவில்லை. யோகமலர் அதைச் சேலைத் தலைப்பில் துடைத்துக் கைக்குள் பொத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில், கணவன் நிர்மலனின் மணிக்கூட்டோடு கிடந்தது. அதில் கட்டிய சிவப்புப் பட்டியில் இரண்டு என்ற இலக்கம். தென்சூடானில் வேலை, லீவில் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவருக்கு நெஞ்சுவலி. இன்று செத்தவீடு.

"மச்சாள், பத்தரைக்குக் கார் வருது." நிர்மலனின் தங்கை சுசிலா குசினி வாசலில் நின்றாள்.

"இது எந்த வீட்டுத் திறப்பு, சுசி?"

சுசிலா வாங்கிப் பார்த்தாள். "அண்ணை அங்கை வீடு ஏதும் எடுத்தவரே?"

"கண்ணிவெடி எடுக்கிற ஆக்களுக்குக் கூடாரம்தான் எண்டெல்லே சொன்னவர்."

சுசிலா அவள் முகத்தைப் பாராமல் திறப்பைத் திருப்பித் தந்தாள். அதுதான் யோகமலருக்குப் பயமாக இருந்தது.

மகள் பிறேமினி போனுடன் வந்தாள். "அம்மா, அச்சோல் எண்டு ஒராளாம். அங்கை அப்பாவோட வேலை செய்தவ."

திரையில் ஒரு உயரமான பெண். அழுத கண்கள். கழுத்துக் கயிற்றில் அதே சிவப்புப் பட்டி, அதே மாதிரித் திறப்பு. யோகமலர் கைக்குள் இருந்த திறப்பை விரித்துப் பார்த்தாள்.

"என்னவாம்?"

பிறேமினி கேட்டுக் கேட்டுச் சொன்னாள். "சனம் ஒப்படைச்ச துவக்கு, ஆயுதங்களை வைக்கிற இரும்புக் கொண்டெய்னராம். கதவுக்கு ரெண்டு பூட்டு. ஒண்டு இவவின்ர, மற்றது அப்பான்ர. ரெண்டு பேரும் நிண்டால்தான் திறக்கலாம். லீவில வரேக்க குடுத்திட்டு வாறதாம், இந்தமுறை மறந்திட்டார். மூண்டு வருசத்தில இதுதான் முதல்தரமாம்."

"மூண்டு வருசமோ? அப்ப கண்ணிவெடி?"

"முழங்கால் ஏலாமல் போனாப்பிறகு அந்த வேலைக்குப் போகேல்லையாம்."

மூன்று வருடமாக வெள்ளிக்கிழமைகளில் கண்ணிவெடியில் அவருடைய கால்கள் போகக்கூடாதென்று விரதம் பிடித்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை? ஒன்றையும் மறக்காத மனுசன் இதை ஏன் மறந்தார்? அப்போதே நெஞ்சு நொந்ததோ? கோபிப்பதா, ஆறுதல்படுவதா என்று விளங்கவில்லை. வேறு வீடு இல்லை. அது மட்டும் மெல்ல உள்ளே இறங்கியது.

"திறப்பை நாளைக்கு அவையின்ர இங்கத்தை ஒபிசில குடுக்கிறம் எண்டு சொல்லு, பிள்ளை."

குட்மேய்ஸ் வீதியில் கார் வந்து நின்றது. எல்லோரும் வீட்டுக்கு வெளியே வந்தார்கள்.

வாசற்கதவுக்கு இரண்டாவது பூட்டும் மூன்று வருடத்துக்கு முன்தான் வந்தது. "கீழ்ப்பூட்டு உமக்கு, மேல்பூட்டு எனக்கு" என்றார் நிர்மலன். "இதென்ன வீடோ, பாங்கோ?" என்று ஒவ்வொரு முறையும் பகிடி பண்ணியிருக்கிறாள்.

"நீங்கள் காருக்குப் போங்கோம்மா, நான் பூட்டுறன்" என்றாள் பிறேமினி.

யோகமலர் குனிந்து கீழ்ப்பூட்டைப் பூட்டினாள். பிறகு வழக்கம்போல ஓரடி விலகி, மேல்பூட்டுக்கு இடம்விட்டு நின்றாள்.