வெல்ஃபோர்டில் என்ன ஆச்சு?

இடைவேளை முடிந்து ஆட்டம் மறுபடி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கிளிஃபின் சட்டைப்பையில் இருந்த குட்டி ரேடியோ உயிரை விட்டது. காதில் செருகியிருந்த ஒயரில் முதலில் ஒரு கரகரப்பு வந்தது. பிறகு அறிவிப்பாளரின் குரல் தேய்ந்து தேய்ந்து ஒன்றுமே இல்லாமல் போனது. கிளிஃப் பைக்குள் கையை விட்டுக் குமிழை முன்னும் பின்னும் திருகினான். ரேடியோவின் முதுகில் ரெண்டு தட்டு தட்டினான். புது பேட்டரி வாங்கிக்கொண்டு போ என்று காலையில் மனைவி சொன்னபோது, இதுவே போதும் என்று பெரிய மனுஷன் மாதிரிச் சொன்ன வாயை இப்போது அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்த அண்ணன் டெஸ்மண்ட், மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அவன் பக்கம் சாய்ந்தார்.

"வெல்ஃபோர்டுல என்ன ஆச்சு?"

"இன்னும் சைபர்-சைபர்தான்" என்றான் கிளிஃப்.

ரேடியோ கடைசியாகச் சொன்னது அதுதான். அதனால் அதைப் பச்சைப் பொய் என்று சொல்ல முடியாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அண்ணன் தலையை ஆட்டிவிட்டு நிமிர்ந்தார். இன்று மட்டும் அவர் இப்படிச் சாய்ந்து கேட்டது எத்தனையாவது தடவை என்று கிளிஃப் எண்ணவில்லை. ஆனால் ஒரு முழு வருஷத்தில் பேசுகிற பேச்சை ஒரே மத்தியானத்தில் பேசிவிட்டார் என்று மட்டும் தெரிந்தது. அவர் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்கிற ஆசைதான் அவனைக் கெடுத்தது.

மே மாதம், கால்பந்து சீசனின் கடைசி ஆட்டம். இவர்கள் ஊர் கிளப் தார்ன்பி டவுன், லீக்கில் நிலைக்குமா, வெளியே போகுமா என்பது இன்றைக்குள் தெரிந்துவிடும். பட்டியலில் கடைசியாக இருக்கிறவன் வெல்ஃபோர்ட், அவனுக்கு ஒரு படி மேலே தார்ன்பி. கடைசி ஆள் மட்டும்தான் வெளியே போக வேண்டும். வெல்ஃபோர்ட் தன் ஊரில் ஆடும் ஆட்டத்தில் ஜெயிக்காமல் போனால் தார்ன்பி பிழைத்தது. ஜெயித்துத் தொலைத்தால், தார்ன்பியும் இங்கே ஜெயித்தே ஆக வேண்டும். இங்கேயோ, வந்திருந்த கிங்ஸ்மியர்காரர்கள் முதல் பாதியிலேயே ஒரு கோல் போட்டுவிட்டு, விருந்துக்கு வந்தவர்கள் போல நிதானமாக ஆடிக்கொண்டிருந்தார்கள்.

வெளியே போனால் அவ்வளவுதான். கிளப்பை வாங்கியிருந்த கம்பள வியாபாரி, லீக்கை விட்டு இறங்கினால் கேட்டைப் பூட்டிவிட்டு இடத்தை சூப்பர் மார்க்கெட்காரனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று பத்திரிகையிலேயே சொல்லிவிட்டான். சாயப்பட்டறைத் தொழிலாளிகள் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் உதைத்து விளையாடித் தொடங்கிய கிளப் அது. பட்டறையில் மிஞ்சிப்போன மருதாணிச் சிவப்புச் சாயத்தில் முக்கியதால்தான் அந்தச் சட்டைக்கு அந்த நிறம் என்பார்கள். போருக்கு முன்னால் ரெண்டே ரெண்டு வருஷம் முதல் டிவிஷனில் ஆடியது. அந்த ரெண்டு வருஷத்தைச் சொல்லிச் சொல்லியே அப்பா இவர்கள் ரெண்டு பேரையும் வளர்த்தார். அதற்கப்புறம் எல்லாம் இறங்குமுகம்தான். ஒரு தடவை பார்க்க வந்தவர்கள் உட்காரும் மர மேடை எரிந்தது, ஒரு தடவை மேனேஜர் இடைவேளையிலேயே வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போனார். பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. கிளப் மட்டும் எப்படியோ சனிக்கிழமை மூன்று மணிக்குக் கேட்டைத் திறந்துகொண்டே இருந்தது.

கிளிஃபுக்கு அதெல்லாம் வருத்தம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ரெண்டு வாரமாக அவனைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. இந்த ரெண்டு நாற்காலியும் போய்விடுமே என்பதுதான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தார்ன்பிக்கு வெளியூரில் கோப்பை ஆட்டம். அண்ணன் போய்விட்டார். அவர் பஸ்ஸில் திரும்பி வருவதற்குள் அம்மா போய்விட்டாள். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது கிளிஃப் ஒருவன்தான். இறுதிச் சடங்கன்று சர்ச் வாசலில், சொந்தம் பந்தம் எல்லாம் நிற்கும்போது, "ஆட்டம் நல்லா இருந்துச்சா?" என்று அண்ணனைக் கேட்டான். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அத்தோடு பேச்சு நின்றது. வீட்டுக்குப் போக்குவரத்து நின்றது. மனைவிமார்கள் கடைத்தெருவில் பார்த்தால் பேசிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

ஆனால் சீசன் டிக்கெட் மட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தது. அப்பா காலத்து இடம். நீ வேண்டுமானால் மாற்றிக்கொள் என்று ரெண்டு பேருமே முறுக்கிக்கொண்டு, ரெண்டு பேருமே மாற்றிக்கொள்ளவில்லை. முதல் வருஷம் பூராவும் மூச்சு விடவில்லை. அப்புறம் ஒரு நாள் எதிரணி போட்ட கோலுக்கு ரெண்டு பேரும் ஒரே குரலில் "ஆஃப்சைடு!" என்று கத்தினார்கள். அன்றிலிருந்து ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசலாம் என்று ஆயிற்று. யாரும் சட்டம் போடவில்லை, தானாக அமைந்த சட்டம். இடைவேளையில் கிளிஃப் ஃபிளாஸ்க் டீயை ஊற்றி நீட்டுவான். அண்ணன் புதினா மிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டுவார். விசில் ஊதியதும் அண்ணன் வலது பக்கக் கேட்டில் இறங்கிப் போவார், கிளிஃப் இடது பக்கம். முன் வரிசையில் உட்காரும் டோரீன் இதையெல்லாம் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "கோலும் கார்னரும் விட்டா வேற வார்த்தையே கெடையாதா உங்க வீட்ல?" என்று ஒரு தடவை கேட்டே விட்டாள். ரெண்டு பேரும் வேறு வேறு திசையில் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போது மைதானத்தில் ஒரு தள்ளுமுள்ளு. யாருடைய முழங்காலிலோ பட்டு, பந்து கிங்ஸ்மியர் வலைக்குள் உருண்டது. ஒன்றுக்கு ஒன்று! மேடை முழுக்க எழுந்து குதித்தது. டோரீன் தன் கழுத்துத் துண்டைச் சுழற்றி முன்னால் இருந்தவர் தொப்பியைத் தட்டிவிட்டாள். உட்கார்ந்ததும் அண்ணன் மறுபடி சாய்ந்தார். இந்தத் தடவை கிளிஃபின் முகத்தையே பார்த்தார். கண்ணோரம் சிவந்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. அறுபதைத் தொடப்போகிறவர். இவ்வளவு பக்கத்தில் அண்ணன் முகத்தைப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று கிளிஃப் நினைத்தான்.

"அங்க என்ன ஆச்சு? சொல்லு."

"வெல்ஃபோர்ட் ரெண்டு கோல் வாங்கிட்டான்" என்றான் கிளிஃப்.

எப்படி வாயில் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. அந்த முகத்துக்கு ஏதாவது நல்லது சொல்ல வேண்டும் போல இருந்தது, சொல்லிவிட்டான். அண்ணன் கண்ணை மூடித் திறந்தார். கையைத் தூக்கி கிளிஃபின் தோளைப் பிடித்தார். பிடித்த கையை எடுக்கவில்லை.

அந்தக் கை அங்கே இருக்கும்போது, இல்லை, நான் சும்மா சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? அதற்குள் டோரீன் திரும்பிவிட்டாள்.

"என்னது, ரெண்டா? வெல்ஃபோர்டுக்கா? ஏ, கேட்டியா! ரெண்டு-சைபராம்!"

அந்த வரிசையில் ரேடியோ வைத்திருந்தவன் கிளிஃப் ஒருவன்தான். தூரத்து மேடையில் வேறு யாரிடமாவது இருந்திருக்கும். ஆனால் இனிப்பான செய்தி வந்த பிறகு யார் அதைச் சரிபார்க்கப் போகிறார்கள்? செய்தி மேடையைச் சுற்றி ஓடியது. பாட்டுத் தொடங்கிவிட்டது. கீழே ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சிலிருந்து உதவிப் பயிற்சியாளர் திரும்பி, நிஜமாவா என்று புருவத்தைத் தூக்கினார். டோரீன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். அவர் உடனே கோட்டருகே ஓடி, பொறுமை, பொறுமை என்று உள்ளங்கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினார்.

அவ்வளவுதான், தார்ன்பி ஆடுவதை நிறுத்திவிட்டது. நெட்டையன் லோமாக்ஸ் பந்தை அண்ணன் தம்பி உட்கார்ந்திருந்த மேடைக்கு நேர் கீழே, மூலைக் கொடிக்குக் கொண்டுபோனான். பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு பந்தை மறைத்து நின்றான். நேரம் போக வேண்டும், அவ்வளவுதான் அவன் கவலை. மக்கள் கைதட்டினார்கள். கிளிஃப் கைதட்டவில்லை. வெல்ஃபோர்ட் இப்போது ஜெயித்துக்கொண்டிருந்தால்? ஊரே சேர்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு கிளப்பைக் குழிக்குள் இறக்குகிறது. குழி வெட்டியது அவன். இத்தனை வருஷத்துக்கப்புறம் அண்ணன் பேசுகிறார் என்கிற சந்தோஷத்தில், அண்ணன் பக்கத்தில் உட்காரும் நாற்காலிக்கே உலை வைத்துவிட்டான்.

"அண்ணே."

டெஸ்மண்ட் சட்டென்று திரும்பினார். அந்த வார்த்தை அவர் காதில் விழுந்து பன்னிரண்டு வருஷம்.

"ரேடியோ செத்துப்போச்சுண்ணே."

"எப்போ?"

"இடைவேளை முடிஞ்சதுமே."

"அப்ப ரெண்டு-சைபர்னு சொன்னது?"

"நானா சொன்னது."

தோளில் இருந்த கை விலகியது. "ஏண்டா? ஏண்டா இப்படிப் பண்ணினே?"

"நீ கேட்டுக்கிட்டே இருந்தியா... இல்லேன்னு சொன்னா கேக்கறத நிறுத்திடுவியேன்னு..."

அண்ணன் அவனை ஒரு பார்வை பார்த்தார். திட்டப்போகிறாரா, அடிக்கப்போகிறாரா என்று புரியாமல் கிளிஃப் கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டான். டெஸ்மண்ட் எழுந்தார். பட்டறையில் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை அவருடையது.

"லோமாக்ஸ்! டேய் லோமாக்ஸ்! பந்தை உள்ள போடுடா, தடிமாடு! கோல் வேணும்டா!"

கிளிஃபும் எழுந்தான். "முன்னாடி போங்கடா! ஜெயிக்கணும்டா!"

"உங்க ரெண்டு பேருக்கும் மண்டை கழண்டு போச்சா?" என்றாள் டோரீன். "அவன் பாட்டுக்கு அழகா நிக்கறான், அவனப் போய்க் கெடுக்கறீங்க!"

"நீ சும்மா இரு டோரீன்! உனக்கு ஒண்ணும் தெரியாது!" என்று ரெண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

லோமாக்ஸ் நிமிர்ந்து மேடையைப் பார்த்தான். இந்த ரெண்டு கிழடுகளும் எதற்குக் கூத்தாடுகிறார்கள் என்று யோசித்தானோ என்னவோ, அந்த ஒரு நொடியில் பந்து அவன் காலிலிருந்து போயே போய்விட்டது. கிங்ஸ்மியர்காரன் ஒருவன் பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்தின் அந்தக் கோடி வரை ஓடினான். தார்ன்பிக்காரர்கள் பாதிப் பேர் முன்னால் நின்றிருந்தார்கள். அவன் ஓங்கி உதைத்த உதையில் பந்து மேல் கம்பியில் 'டொய்ங்' என்று மோதி, மேடைக் கூரையைத் தாண்டித் தெருவில் விழுந்தது. கிளிஃப் அண்ணனின் கையைப் பிடித்திருந்தான். எப்போது பிடித்தான் என்று தெரியாது. அண்ணனும் விடவில்லை. விசில் ஊதியது.

பாட்டு சன்னமாகி நின்றது. ஒலிபெருக்கி உறுதி செய்யட்டும் என்று எல்லோரும் அந்தப் பக்கமே பார்த்தார்கள். அறிவிப்பாளர் ஒரு செருமல் செருமினார். தயவுசெய்து யாரும் புல்லில் இறங்க வேண்டாம் என்றார். அடுத்த மாதம் கிளப் மண்டபத்தில் நடக்கும் நடன நிகழ்ச்சிக்கு எல்லோரும் வர வேண்டும் என்றார்.

"யோவ், அதைச் சொல்லுய்யா மொதல்ல!" என்று அண்ணன் கத்தினார்.

"வெல்ஃபோர்ட் ஒன்று" என்றது ஒலிபெருக்கி. கிளிஃபுக்கு உயிரே போய்விட்டது. "எதிரணி ஒன்று. ஆட்டம் டிரா."

போன உயிர் வந்தது. தொபுக்கென்று நாற்காலியில் விழுந்து, முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு கிளிஃப் அழுதான். வெட்கமே படவில்லை. சுற்றிலும் பெரிய பெரிய ஆம்பிளைகள் அழுதுகொண்டிருந்தார்கள். யாருக்கு யார் வெட்கப்படுவது? புல்லில் இறங்காதே என்று சொன்ன புல்லில் ஊரே இறங்கி ஓடியது. கம்பள வியாபாரிகூடத் தன் அறைக் கண்ணாடிக்குப் பின்னால் கைதட்டுவது தெரிந்தது.

டோரீன் மட்டும் திரும்பி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ரெண்டு-சைபர்னு சொன்னியே, இதுவா உன் ரெண்டு-சைபர்?"

கிளிஃப் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னார். "ரேடியோக்காரன் தப்பாச் சொல்லிட்டாம்மா. அவங்கள எல்லாம் நம்ப முடியுமா?"

கூட்டம் வடியும் வரைக்கும் ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வருஷமும் இந்த ரெண்டு நாற்காலி உண்டு. அந்த நினைப்பே கிளிஃபுக்கு வெந்நீரில் குளித்தது போல உடம்பெல்லாம் சுகமாக இருந்தது. இதுபோதும், இதற்கு மேல் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு எழுந்து, வழக்கம்போல இடது பக்கப் படியில் இறங்கினான். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக, வலது காலை முதலில் வைத்து, இடது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்து, கொஞ்சம் நின்று, மறுபடி அடுத்த படி.

"டேய், கால்ல என்ன?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

திரும்பினான். அண்ணன் வலது பக்கம் போகாமல் நாற்காலி அருகிலேயே நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முட்டி. தேஞ்சு போச்சாம்."

"எப்பலேருந்து?"

"மூணு வருஷமா இருக்குண்ணே."

"மூணு வருஷமாவா!" டெஸ்மண்ட் சுற்றுமுற்றும் பார்த்தார். இத்தனை வருஷத்தில் தம்பி நடப்பதை அவர் பார்த்ததே இல்லை. அவர் வரும் முன்பே கிளிஃப் வந்து உட்கார்ந்திருப்பான். விசில் ஊதியதும் ஆளுக்கொரு பக்கம். "மூணு வருஷமா நொண்டிக்கிட்டா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடக்கறே?"

அண்ணன் இறங்கி வந்து, அவன் ஃபிளாஸ்க்கைப் பிடுங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தோளை அவன் கைக்குக் கொடுத்தார். வலது பக்கக் கேட்டுக்குப் போக மேடையை முழுக்கக் கடக்க வேண்டியிருந்தது. வெளியே கார்களின் ஹார்ன் சத்தம் ஓயவே இல்லை. சந்துக்குள் அண்ணனுடைய பழைய கார் நின்றது. முன் சீட் நிறைய நாய்க் கம்பளம், தூண்டில் பை, அண்ணியின் குடை. எல்லாவற்றையும் அள்ளி அள்ளிப் பின்னால் எறிந்தார் டெஸ்மண்ட்.

"இரு, இரு, இப்பவே ஏறாதே" என்று சொல்லிக்கொண்டே தரையில் மண்டியிட்டு சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். எத்தனையோ காலமாக யாரும் நகர்த்தாத சீட் போலிருக்கிறது. அசையவே இல்லை. தோளைக் கொடுத்து இன்னொரு தடவை முட்டினார். சீட் கிறீச்சென்று கத்திக்கொண்டு பின்னால் போனது, தம்பி காலை நீட்டி உட்காரும் அளவுக்கு.