எந்திரிக்காதீங்க, மாமா

மாமனாரின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நிற்பதை அவள் கவனித்தபோது, டிவியில் அவள் கணவன் எண்பத்தெட்டு ரன்னில் இருந்தான். தலைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தாலும் அப்படி வியர்த்துக் கொட்டுகிற நாள் இல்லை அது. மருந்துக்கடையில் வருஷக்கணக்காக வேலை பார்ப்பவள் அவள். எந்த வேர்வை வெயிலுக்கு வருவது, எது வேறு எதற்கோ வருவது என்று அவளுக்குத் தெரியும்.

"மாமா, என்ன பண்ணுது உங்களுக்கு?"

"ஒண்ணும் பண்ணல. வாயுப் பிடிப்பு. நீ ஆட்டத்தைப் பாரு."

சொல்லும்போதே அவருடைய வலது கை இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"தாடை வரைக்கும் இழுக்குதா?"

அவர் காது கேட்காதவர் மாதிரி டிவியையே பார்த்தார். கடைக்கு வருகிறவர்களும் இப்படித்தான். ஆமாம் என்று சொல்லப் பயந்தால், அலமாரியில் இருக்கிற இருமல் மருந்தை ஒன்று விடாமல் படித்துக்கொண்டு நிற்பார்கள்.

அவள் ஓடிப்போய்க் கைப்பையிலிருந்து ஆஸ்பிரின் எடுத்து வந்து, கடித்து மெல்லச் சொன்னாள். மறுபேச்சுப் பேசாமல் மென்றார். அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. தலைவலி மாத்திரைக்கே தலைகீழாக நிற்கிற மனுஷன். அடுக்களைக்குப் போய்க் குரலைத் தாழ்த்தி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். "அவரை நடக்க விடாதீங்க, உட்கார்ந்த இடத்துலேயே இருக்கட்டும்" என்றார்கள் அங்கிருந்து. அந்தக் கவலையே வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது அவளுக்கு. நடப்பதாவது. நாற்காலியை விட்டு எழுப்ப முடியுமா என்பதல்லவா இங்கே கேள்வி!

அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய பிரம்பு நாற்காலி, உட்காரும் இடம் குழிந்து போனது. மகன் டெஸ்ட் மேட்சில் மட்டை பிடித்து நிற்கிறவரை அவர் அதை விட்டு எழுந்திருக்க மாட்டார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். உணவு இடைவேளை, தேநீர் இடைவேளை எல்லாம் அவர் கணக்கில் ஸ்டாப்பிங்; இறங்கலாம், காலை நீட்டலாம். வண்டி ஓடும்போது டிரைவர் சீட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

சட்டம் சும்மா வந்துவிடவில்லை. மகன் இத்தனை வருஷ ஆட்டத்தில் ஒரு சதம்கூட அடித்ததில்லை. மூன்று முறை தொண்ணூறைத் தாண்டினான். முதல் முறை இவர் பாத்ரூமுக்கு எழுந்து போனார், அவன் அவுட். இரண்டாவது முறை வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்து போனார், அவுட். அதுவும் தொண்ணூற்றொன்பதில். மூன்றாவது முறைக்கு அவள்தான் காரணம். கல்யாணமாகி வந்த புதிது. அடுக்களையில் கை தவறி எவர்சில்வர் தட்டுகள் மொத்தமும் சரிந்து, வீடே அதிர்ந்தது. மருமகளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறியடித்து ஓடி வந்தார். அவர் அடுக்களை வாசலில் நிற்கும்போது முன்னறையில் டிவி, "போச்சு!" என்று அலறியது.

அன்றைக்கு அவர் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் கடைத்தெருவுக்குப் போய் வீட்டுக்கு வேண்டிய தட்டெல்லாம் பிளாஸ்டிக்கில் வாங்கி வந்தார். அன்றிலிருந்து சத்தம் போடாத தட்டில்தான் அந்த வீட்டில் சாப்பாடு. திட்டியிருந்தால்கூட அவளுக்கு இந்நேரம் மறந்து போயிருக்கும்.

பத்திரிகைக்காரன் ஒருவன் மகனுக்குத் 'தொண்ணூறு' என்று பெயர் வைத்தான். அது ஒட்டிக்கொண்டது. வீட்டைக் கேட்டு வருகிறவர்கள்கூட, "தொண்ணூறு வீடுங்களா?" என்றார்கள். மகன் சிரித்துக்கொண்டு போய்விடுவான். அப்பாவால் சிரிக்க முடியவில்லை. மூன்று முறையும் வண்டியைக் கவிழ்த்தது தான்தான் என்று அவர் மனசுக்குள் எழுதி ஒட்டிவிட்டார். கிழிக்க யாராலும் முடியவில்லை.

இன்றைக்கு அவன் ஆடுவது சாதாரண ஆட்டமா? கடல் தாண்டி எங்கேயோ, வெடித்துக் கிடக்கும் ஆடுகளத்தில், கடைசி நாள். மற்றவர்களெல்லாம் வருவதும் போவதுமாக இருக்க, நேற்றிலிருந்து ஒற்றை ஆளாக நிற்கிறான். விலாவில் ஒன்று வாங்கியிருக்கிறான். கட்டைவிரல் வீங்கிக் கையுறையைக் கழற்ற முடியவில்லையாம். தோல்வி என்று ஊரே கைகழுவிய மேட்சை இழுத்துக்கொண்டு வந்து கரையில் போட்டுவிட்டான். இவன் அவுட் ஆனாலும், எதிரணி இறங்கி அடித்து ஜெயிக்க இனி நேரமே இல்லை. கூட நிற்பவன் கடைசி ஆள். மிச்சம் இருப்பது அந்தச் சதம் ஒன்றுதான். மாமனார் தேநீர் இடைவேளையிலேயே வலியோடுதான் இருந்திருக்க வேண்டும். அப்போதே சொல்லியிருந்தால் இந்நேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்திருப்பார். மூடி மறைத்துவிட்டார் மனுஷன். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"மாமா, நான் ஒண்ணு கேக்கறேன். பஸ்ல ஒருத்தருக்கு நெஞ்சு வலின்னா, வண்டிய நேரா ஆஸ்பத்திரிக்கு விட மாட்டீங்களா?"

"விட்டிருக்கேனே."

"அப்புறம் என்ன?"

"அது பயணிம்மா. இங்க நான் டிரைவர். பாதியில எந்திரிச்சா வண்டி என்னாகும்?"

தொண்ணூற்று நான்கு. அவர் முகம் சாம்பல் பூத்துக்கொண்டே வந்தது. அவள் கையில் போன் இருந்தது, அதில் ஸ்கோர் ஓடியது. இந்த வீட்டு டிவியில் எல்லாமே ஒரு அரை நிமிஷம் தாமதமாகத்தான் வரும். பக்கத்து வீட்டில் ரேடியோ கேட்டுவிட்டு அவர்கள் கத்துவார்கள். அதற்கப்புறம்தான் இங்கே பந்து வீசுகிறவன் ஓடியே வருவான். நடக்கப்போவது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்றுதான் மாமனார் ஜன்னல்களைச் சாத்தச் சொல்லியிருந்தார்.

அவளுக்கு ஒரு யோசனை வந்தது. "மாமா! சிக்ஸர் அடிச்சாச்சு! போன்ல நூறுன்னு வந்துருச்சு!"

"டிவி காட்டட்டும்."

டிவி காட்டியது. பந்து மட்டையைத் தாண்டி விக்கெட் கீப்பரிடம் போனது. தொண்ணூற்று நான்கு அப்படியே இருந்தது. அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். கோபமில்லை, வருத்தம்தான்.

"என்னைக் கிளப்பறதுக்காகப் பொய் சொல்லாதம்மா."

அவள் அடுக்களைக்குப் போய்ச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அணியில் யாருக்காவது போன் செய்து அவனிடம் சேதி சொல்லலாமென்றால், ஆட்டம் நடக்கும்போது ஆட்டக்காரர்களின் போனையெல்லாம் வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். கடவுளே, அவர் அவுட் ஆகட்டும். அப்படித்தான் வேண்டினாள். சீக்கிரம் அவுட் ஆகித் தொலையட்டும். சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இரண்டு நாளாக அடி வாங்கிக்கொண்டு நிற்கிறவனுக்குப் பெண்டாட்டி செய்கிற வேண்டுதலா இது? ஆனாலும் மறுபடி அதையேதான் வேண்டினாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஒரு நர்ஸ், ஒரு டிரைவர். வாசல் கதவை விரியத் திறந்து ஸ்ட்ரெச்சரை உள்ளே கொண்டு வந்தார்கள். நர்ஸ் வந்த வேகத்தில் மூக்கில் ஆக்ஸிஜனை மாட்டி, மார்பில் வயர்களை ஒட்டி, பெட்டியிலிருந்து நீண்டு வந்த தாளைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை மருமகள் பார்த்துவிட்டாள்.

"உடனே கிளம்பணும்" என்றாள் நர்ஸ். "இங்க நிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம்."

டிரைவர் டிவியைப் பார்த்தான். "ஐயோ, இது தொண்ணூறு வீடா! எவ்வளவு இப்போ?"

நர்ஸ் முறைத்த முறைப்பில் அவன் ஸ்ட்ரெச்சரின் பெல்ட்டைத் தேட ஆரம்பித்தான்.

"தொண்ணூத்தேழு" என்றார் மாமனார், ஆக்ஸிஜன் குழாயோடு. "மூணே ரன்னு தம்பி. நீயும் டிரைவர்தானே. உனக்குத் தெரியாதா?" இரண்டு கையாலும் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். விரல் கணுக்கள் வெளுத்திருந்தன.

அவள் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். அழக் கூடாது என்றுதான் இருந்தாள். அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது.

"மாமா, நாளைக்கு அவர் வந்து அப்பா எங்கேன்னு கேப்பார். நான் என்ன பண்ண? இந்த நாற்காலியைக் காட்டவா?"

அவர் டிவியிலிருந்து கண்ணை எடுத்தார். அவளை ஒரு கணம் பார்த்தார். கைப்பிடியிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

"சரிம்மா. தூக்கச் சொல்லு." மூச்சு வாங்கியது. "அவன்கிட்ட சொல்லிடு. நான்தான் எந்திரிச்சேன்னு. அவன் மேல தப்பில்லைன்னு."

இன்னும் விழாத விக்கெட்டுக்கு இப்போதே பழியை வாங்கிக்கொண்டார். டிரைவர் குனிந்து அவர் அக்குளில் கை கொடுத்தான். நர்ஸ் முழங்காலுக்கடியில் கை விட்டாள். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கையிலிருந்த போன் கண்ணில் பட்டது.

அவுட். தொண்ணூற்றேழு.

டிவியில் பந்து வீசுகிறவன் இன்னும் பந்தைத் துடைத்துக்கொண்டு நடந்து போய்க்கொண்டிருந்தான். அவள் கணவன் மட்டையால் தரையைத் தட்டிக்கொண்டு நின்றான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, இந்த அறையில்.

"தொடாதீங்க!"

அவள் கத்திய கத்தலில் டிரைவர் கையை எடுத்துவிட்டான். அவள் நாற்காலிக்குப் பின்னால் பாய்ந்து, மாமனாரின் இரண்டு தோளையும் பிடித்துக் கீழே அழுத்தினாள். "எந்திரிக்காதீங்க, மாமா. எந்திரிக்கவே கூடாது."

"உங்களுக்குப் பைத்தியமா?" என்றாள் நர்ஸ்.

"ஒரே ஒரு பந்து, சிஸ்டர். ஒரே ஒரு பந்து."

திறந்திருந்த வாசல் வழியே பக்கத்து வீட்டிலிருந்து "ஐயய்யோ" என்று கிளம்பியது. அவள் ரிமோட்டை எட்டி எடுத்து டிவியின் சத்தத்தை உச்சத்தில் வைத்தாள். மறுபடி தோளைப் பிடித்துக்கொண்டாள். போனைக் காட்டலாம், நம்ப மாட்டார். போனில் வந்ததென்று அரைமணிக்கு முன்னால் பொய் சொன்ன வாய் இது. இப்போது தூக்கினால், இவர் ஸ்ட்ரெச்சருக்குப் போகிற அந்த நேரத்தில் ஸ்டம்ப் பறக்கும். அதைப் பார்த்தபடியே வாசலைத் தாண்டுவார். பிழைத்தால் பிழைத்த காலமெல்லாம், பிழைக்காவிட்டால் கடைசி மூச்சிலும், நான்தான் எழுந்தேன், நான்தான் கவிழ்த்தேன் என்பார்.

ஆனால் இந்த அரை நிமிஷத்தில் இவர் உயிர் போய்விட்டால்? கொன்றது யார்? அவள்தான். அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. அவர் தோள் அவள் உள்ளங்கைக்குக் கீழே குளிர்ந்து, நனைந்து, நடுங்கியது. வாழ்க்கையில் இப்படிப் பயந்ததேயில்லை. ஓடி வாடா பாவி என்று பந்து வீசுகிறவனை மனசுக்குள் திட்டினாள். அவன் சாவகாசமாக ஆள் நிற்கிற இடத்தை மாற்றிக்கொண்டிருந்தான். நர்ஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், கை அசையவில்லை.

ஓடி வந்தான். பந்து வெடிப்பில் பட்டுத் தரையோடு தரையாக வழுக்கிக்கொண்டு போனது. எந்த மகாராஜன் நின்றிருந்தாலும் தடுத்திருக்க முடியாது. மட்டை இறங்குவதற்குள் ஸ்டம்ப் சாய்ந்துவிட்டது. அவள் கணவன் அந்த வெடிப்பையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றினான். எதிரணிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவனுக்குக் கை கொடுத்தார்கள். மைதானம் முழுக்க எழுந்து நின்றது.

மாமனார் டிவியைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், தோளில் இருந்த அவள் கைகளைப் பார்த்தார்.

"நான் எந்திரிக்கலையேம்மா."

"இல்ல மாமா. நான்தான் பிடிச்சிட்டே இருந்தேனே."

"உட்கார்ந்துதானே இருந்தேன்?"

"உட்கார்ந்துதான் இருந்தீங்க."

"அப்போ..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். முகத்தில் வலி இருந்தது, ஆனால் வேறு எதுவோ ஒன்று போயிருந்தது. டிரைவரைப் பார்த்து இரண்டு கையையும் குழந்தை மாதிரி தூக்கிக் காட்டினார். "தூக்குப்பா. உன் வண்டியாவது நல்லா ஓடுமா?"

"பறக்கும் பெரியவரே" என்றான் டிரைவர். அவன் கண் கலங்கியிருந்தது.

ஆம்புலன்ஸ் நிஜமாகவே பறந்தது. நர்ஸ் அவர் கையில் ஊசி ஏற்றுவதும் பெட்டியைப் பார்ப்பதுமாக இருந்தாள். அவர் கண் மூடிக் கிடந்தார். ஒவ்வொரு முறை அவர் மூச்சு நின்று வந்தபோதும் அவளுக்குத் தன் உயிர் போய் வந்தது. அரை நிமிஷம், அரை நிமிஷம் என்று மண்டைக்குள் அடித்துக்கொண்டேயிருந்தது. ஆஸ்பத்திரி வாசல் விளக்கு தெரிந்தபோது அவர் உதடு அசைந்தது. அவள் காதைக் கிட்டே கொண்டு போனாள்.

"அந்தப் பிளாஸ்டிக் தட்டையெல்லாம் தூக்கிப் போட்டுடும்மா" என்றார். "எவர்சில்வர்லயே வாங்கிக்கலாம்."