ஒவ்வொரு மழைக்கும் ஒரு வீடு

அல்வாலில் வேம்புக்கும் தூங்குமூஞ்சி மரத்துக்கும் பிறந்த மரம் ஒன்று இருந்தது. மழை பெய்த மறுநாள் அது ஒரு வீடு தள்ளி நிற்கும். இலை கசக்கும், மாலையானால் கூம்பிக்கொள்ளும். அதில் கூடு கட்டியிருந்த முசுறு எறும்புகள் முன்கூட்டியே வரிசையாகப் போய்ப் புது இடத்தைப் பார்த்து வரும். காலனிக்காரர்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் எதுவும் இல்லை. யார் வாசலில் மரம் நிற்கிறதோ அவர்கள் அடுத்த மழைவரை காரைத் தெருமுனையில் விட்டார்கள்.

கல்பகத்துக்குத்தான் நிம்மதி போயிற்று. பாலாநகரில் விமானக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் அவள் தர ஆய்வாளர். ஒரு திருகாணியைக்கூட இன்னொருவர் பார்த்து முத்திரை வைக்காமல் வெளியே விட்டதில்லை. விடுமுறைகளில் காட்டுச்செடிகளையும் பூச்சிகளையும் படமெடுத்து, இயற்கை ஆர்வலர்களின் இணையதளம் ஒன்றில் ஏற்றுவாள். அங்கே ஒரு பதிவு செல்லுபடியாக வேறொருவர் ஒப்புக்கொள்ள வேண்டும். தானாக முளைத்ததாகவும் இருக்க வேண்டும், மனிதர் நட்டது சேராது. புதிய கலப்பு மரம் என்று அவள் ஏற்றியதையெல்லாம் கோயம்புத்தூரிலிருந்து ராஜீவ் என்ற தாவர நிபுணர் ‘வேம்பு’ என்று ஒரே வார்த்தையில் தள்ளினார். கூம்பிய இலையைக் காட்டினால் வாட்டம் என்றார். படத்துக்குப் படம் இடம் மாறுகிறதே, பல மரங்களைக் கலந்துவிட்டீர்கள் என்றார். மரம் நடக்கிறது என்று எழுதியதற்குப் பதிலே போடவில்லை. இரண்டு வருஷம் இப்படியே போனது.

“நீ என்னதான் குட்டிக்கரணம் போட்டாலும் அந்த மனுஷன் வேம்புன்னுதான் சொல்லுவாரு” என்று கணவர் தண்டபாணி சிரித்தபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஓரிடத்தில் நிறுத்திக் காட்டினால் ஒப்புக்கொள்ளத்தானே வேண்டும்? மரம் காலனிச் செயலாளர் லட்சுமணன் வாசலுக்கு வந்தபோது, மேஸ்திரியை வைத்து அடியில் செங்கல் வட்டம் கட்டி, சாலையோர மரங்களுக்கு அடிப்பதுபோல் காவியும் வெள்ளையும் அடித்தாள். மழை வந்தது, மரம் அசையவில்லை. எறும்புகள் மட்டும் அடுத்த வீடு வரை போய்விட்டுத் திரும்பின. கல்பகம் பெருமையாகப் படம் ஏற்றினாள். ராஜீவ் அன்றே எழுதினார்: வட்டம் கட்டி வர்ணம் அடித்திருக்கிறது, ஆகவே நட்ட வேம்பு, கணக்கில் வராது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

லட்சுமணன் பொல்லாதவர் அல்ல. ரயில்வே ஒர்க்‌ஷாப் குடும்பம், இங்கேயே பிறந்தவர். மழைக்காலம் முடியும்வரை பொறுத்துப் பார்த்து, பிறகு வெட்ட அனுமதி வாங்கினார்.

“மழை மேல மழை போயிடுச்சு, நகரவே மாட்டேங்குது. இனிமே நக்கோம்மா, வேணவே வேணாம். ஞாயித்துக்கிழமை ஆளுங்க வராங்க.”

புது இனம் என்று உறுதியானால் அனுமதி ரத்தாகும் என்றார்கள், அதைக் கொடுத்த வனத்துறை அலுவலகத்தில். கல்பகம் ராஜீவுக்குக் கெஞ்சி எழுதினாள். வேம்பு என்று பதில் வந்தது.

வட்டத்தை உடைத்தால் மரம் போய்விடும், நிரூபிக்க ஒன்றும் மிஞ்சாது. உடைக்காவிட்டால் விறகு. ஞாயிறு காலை, ரம்பக்காரர்கள் தெருமுனையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவள் கடப்பாரையோடு போனாள். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. அழுகையும் ஆத்திரமுமாகக் கடைசிக் கல்வரை பெயர்த்துப் போட்டாள்.

“போயிரு. இங்க நின்னு என் உசிர வாங்காத.”

மரம் போயிற்று. கட்டுக்குள் தவறவிட்ட மழைகளுக்கெல்லாம் சேர்த்து நடந்ததால் அல்வாலில் எந்தத் தெருவிலும் அது இல்லை. லட்சுமணன் கேட்டைத் திறந்து காரை எடுத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போனார். ரம்பக்காரர்கள் இன்னொரு டீ குடித்தார்கள்.

அடுத்த மழைக்காலத்தில், பாலாநகர் தொழிற்பேட்டையிலிருந்து யாரோ ஒருவர் ஏற்றிய படம் இணையதளத்தில் வந்தது. தண்டில் காவியும் வெள்ளையும் வெளுத்திருந்தன, கிளையில் முசுறுக் கூடு. ராஜீவ் வழக்கம்போல வேம்பு என்று எழுதியிருந்தார். கலப்பு மரம் என்று கல்பகம் மறுத்தால் ஆட்கள் தேடிப்போவார்கள், அளப்பார்கள், சுற்றி வேலி கட்டுவார்கள். அவளும் ‘வேம்பு, ஒப்புக்கொள்கிறேன்’ என்பதை அழுத்தினாள். பதிவு உறுதியாயிற்று. ராஜீவ் முதல்முறையாக அவளுக்கு நன்றி சொன்னார். அவள் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள்.

அன்று நல்ல மழை. மறுநாள் பாலாநகர் பஸ் ஒரு தெரு சுற்றிக்கொண்டு போனது.