பழைய நம்பருக்கு வந்ததெல்லாம்

ஆவடி மார்க்கெட்டுக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவே ஒரு ஷட்டர் அகலத்துக்கு இருப்பதுதான் அனுசுயாவின் பிரவுசிங் சென்டர். மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வாசலில் ஒரு பெஞ்ச். சும்மா சொல்லக்கூடாது, அந்த வட்டாரத்தில் அவள் வேகத்துக்கு ஃபாரம் நிரப்ப ஆளே கிடையாது. கைதவறி மூடிப்போன பக்கத்தை கன்ட்ரோல், ஷிஃப்ட், டி என்று மூன்று பொத்தானைச் சேர்த்து அழுத்தித் திரும்ப வரவழைத்துவிடுவாள். விளம்பரத்தை விரட்ட ஒரு ஆட்-ஆன், நீளமான பக்கத்தை முழுசாகப் படம் பிடிக்க ஒன்று, பாதியில் வெளியே தள்ளிவிடும் தளங்களை ஏமாற்றி உள்ளேயே உட்கார்ந்திருக்க இன்னொன்று என்று அவள் பிரவுசரின் மூலையில் குட்டிக் குட்டிப் படங்கள் வரிசை கட்டி நிற்கும். ஜெராக்ஸ் கடை தேவராஜ் அவளுக்கு 'ஷார்ட்கட்' என்றே பெயர் வைத்துவிட்டார். அந்தப் பெயரில் அவளுக்கு ரொம்பக் கர்வம்.

இருப்பதிலேயே அவளுக்குப் பிடித்த வித்தை, தானாக நிரப்பிக்கொள்வது. வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேருக்கு நிலையான போன் நம்பர் கிடையாது. வீட்டுக்கு ஒரு போன், அதைப் புருஷன் வேலைக்கு எடுத்துப் போயிருப்பான். இல்லாவிட்டால் ஆஃபருக்கு ஆஃபர் சிம் மாற்றுவார்கள். "உன் கடை நம்பரையே போட்டுடு, வந்தா சொல்லு" என்பார்கள். அனுசுயாவும் ஒன்பது என்று ஒரே ஒரு எண்ணைத் தட்டுவாள். கடை நம்பரை பிரவுசரே நீட்டும். டேப், டேப், என்டர். பத்து எண்ணையும் எவன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான்?

அன்று வெள்ளிக்கிழமை, மணி மூன்றேகால். துலுக்கானம் வந்து வாசலில் நின்றார். பாக்டரியில் லாரிக்கு லோடு ஏற்றியே இடுப்பைத் தொலைத்தவர். முதியோர் உதவித்தொகைக்குப் பத்து மாதம் முன்னால் இங்கேதான் விண்ணப்பம் போட்டார். அன்றிலிருந்து வெள்ளி தவறினாலும் அவர் தவறமாட்டார்.

"இன்னா கண்ணு, நம்பளுது வந்துச்சா?"

"வந்தா மெசேஜ் வரும் நைனா. வராததுக்கு நான் இன்னா பண்ணுவேன்? சர்க்கார் வேலை, லேட்டாத்தான் ஆவும். வாரா வாரம் வந்து என் உசுர வாங்காத."

"கோச்சிக்காத கண்ணு. வெயிலா கீது, செத்த நேரம் குந்திகினு போறேன்" என்று அவர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

அதற்குள் ராஜம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள். ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் படிக்கட்டு பெருக்குகிறவள். பெருக்கும்போது கையில் போடும் உறையைக்கூடக் கழற்றவில்லை. பின்னாலேயே மகள் மதிவதனி.

"அக்கா, நர்சிங் லிஸ்ட் முந்தாநாளே வந்துடுச்சாம். கூடப் படிச்ச பொண்ணு இப்பத்தான் சொல்லிச்சு. நமக்கு மெசேஜே வரல" என்றாள் மதிவதனி.

அனுசுயா விண்ணப்ப எண்ணைப் போட்டு உள்ளே போனாள். பச்சை எழுத்தில் வந்தது. அரசுக் கல்லூரியில் மதிவதனிக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். துலுக்கானம் பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். அப்புறம்தான் அனுசுயா கீழே இருந்த சிவப்பு வரியைப் படித்தாள். இன்று மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்யாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும்.

"மணி மூணரைகூட ஆவல, இன்னா பயம்?" என்று உறுதி செய்யும் பொத்தானை அழுத்தினாள். ஓடிபி அனுப்பியாயிற்று என்றது திரை. எந்த நம்பருக்கு என்றும் காட்டியது. முன்னால் ஆறு பெருக்கல் குறி, கடைசியில் 4417.

கடை நம்பர் 4417-இல் முடியாது.

அனுசுயா திரைக்குக் கிட்டே போய் இன்னொரு தடவை படித்தாள். 4417 அவளுடைய பழைய நம்பர். வேறு கம்பெனியில் சல்லிசாகக் கிடைக்கிறது என்று ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அதை ரீசார்ஜ் பண்ணாமல் தூக்கிப் போட்டாள். வாசல் போர்டில் புது நம்பரை எழுதினாள். பிரவுசருக்குள் மாற்றவில்லை. உடனே ஓடிபி கேட்கிற ஃபாரங்களுக்கு ஆளின் போனைக் கையில் வாங்கிக்கொள்வாள், அதனால் இத்தனை நாளும் தெரியவில்லை. மற்றதற்கெல்லாம் பிரவுசர் பழைய நம்பரைத்தான் நீட்டியிருக்கிறது, இவளும் டேப், டேப் என்று தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"இன்னாமா ஆச்சு? ஏன் பேய் மாதிரி பாக்குற?" என்றாள் ராஜம்மா.

"யக்கா, என் தப்புதான். நம்பர் மாறிப்போச்சு. இரு, இதோ போன் போடறேன்."

நம்பரை மாற்ற மூன்று வேலை நாள் ஆகும் என்றது தளம். உதவி எண் எப்போது போட்டாலும் பிஸி. கடைசியில் 4417-க்கே போட்டாள். கம்பெனி அந்த நம்பரை வேறு யாருக்கோ கொடுத்திருக்கவேண்டும், ஒரு பெண் எடுத்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க, உங்க போனுக்கு இப்ப ஒரு ஆறு நம்பர் வந்திருக்கும், அத மட்டும் கொஞ்சம் சொன்னீங்கன்னா..."

சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. திருட்டுப் பயல்கள் பேசுவதும் இதேதான். 'ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று எதிர்ச்சுவரில் அவளே எழுதி ஒட்டியிருந்தாள்.

"ஏம்மா, உனுக்கு வேற ஆளே கெடைக்கலயா?" என்றது அந்தக் குரல். "ஒரு வருசமா எனுக்கு மெசேஜ் அனுப்பி அனுப்பி மிரட்டிகினு கீறீங்க. இன்னொரு வாட்டி போன் பண்ணே, நேரா போலீஸ் ஸ்டேஷன்தான்."

கட். திரும்பப் போட்டால் போகவேயில்லை. பிளாக் பண்ணிவிட்டாள். தேவராஜின் போனை வாங்கி ராஜம்மா பேசினாள். பேசினாள் என்றா சொல்வது, அழுதாள். "ஓகோ, அழறதுக்கும் ஆள் வெச்சிகீறீங்களா?" என்று அந்தப் பெண் போனையே அணைத்துவிட்டாள். பத்து நிமிஷத்தில் முதல் ஓடிபி செத்தது. பதற்றத்தில் அனுசுயா இன்னொரு தடவை அனுப்பித் தொலைத்தாள். ஒரு நாளைக்கு மூன்றுதான் என்று அதற்கப்புறம் எச்சரிக்கை வந்தது. இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி. மணி மூன்று ஐம்பது.

மதிவதனி அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, "பரவால்லக்கா, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றாள். அடுத்த வருஷம் என்று ஒன்று அந்த வீட்டில் கிடையாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். கார்மென்ட்ஸ் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று ராஜம்மாவின் தம்பி ஏற்கெனவே பேசி வைத்துவிட்டான்.

தேவராஜ் தன் போனைப் பார்த்துவிட்டு, "அனுசு, கூப்பிட்ட நம்பருக்குப் பேர் காட்டுது பாரு" என்றார். ஜமீலா டெய்லர், பூந்தமல்லி.

அனுசுயா ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். மதிவதனியை நாற்காலியில் உட்கார வைத்தாள். "எதையும் தொடாத. பக்கம் வெளிய போவாம ஆட்-ஆன் பாத்துக்கும். நான் சொன்னாதான் மூணாவது வாட்டி அழுத்தணும். உன் உசுரே போனாலும் அதுக்கு முன்னாடி அழுத்தாத" என்றாள். தேவராஜ் தன் போனை மதிவதனியின் கையில் கொடுத்தார். "நான் பொண்ணோட தொணைக்கு குந்திகினு கீறேன், நீங்க போங்க" என்றார் துலுக்கானம்.

பருத்திப்பட்டு வரை பறந்து வந்த வண்டி அதற்கப்புறம் நகரவேயில்லை. கரையான்சாவடியில் மெட்ரோக்காரன் தகரம் கட்டி ரோட்டைப் பாதியாக்கி வைத்திருந்தான். முன்னால் தண்ணி லாரி, பின்னால் பஸ். அனுசுயா வாய்க்கு வந்தபடி திட்டினாள். எல்லாம் தன்னையேதான். பின்னால் ராஜம்மா, அவள் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு யாரிடமோ சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாள்.

"பதினோரு வருசமா படிக்கட்டு பெருக்கிகினு கீறேன். ஒரு நாள் லீவு போட்டதில்ல. இத்தினியும் எம் பொண்ணு ஒண்ணுத்துக்குத்தான்."

"யக்கா, பேசாத. எனுக்கு ஓட்ட முடியல" என்றாள் அனுசுயா. கண்ணீர் வந்து ரோடு மங்கியது. தகரத்துக்கும் சாக்கடைக்கும் நடுவே இருந்த ஒற்றையடி இடுக்கில் வண்டியை விட்டாள்.

பூந்தமல்லி போய்ச் சேர்ந்தபோது மணி நாலு முப்பத்தெட்டு. ஊரில் எத்தனை டெய்லர்! லைனிங் துணி விற்கிற கடைக்காரருக்கு அத்தனை டெய்லரையும் தெரியும் என்று ராஜம்மாதான் சொன்னாள். முதல் கடையில் தெரியாது என்றார்கள். இரண்டாவது கடையில் ஒருவர் கல்லாவிலிருந்து எழுந்து வந்து, "பள்ளிவாசல் சந்துல, நீலக் கதவு" என்று கையைக் காட்டினார்.

நீலக் கதவுக்கு உள்ளே ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். அனுசுயா வாயைத் திறந்ததுமே குரலை அடையாளம் கண்டுகொண்டாள்.

"யா அல்லா! ஊட்டுக்கே வந்துட்டீங்களா!" என்று கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள்.

"பாயம்மா, வெட்டுனாலும் வெட்டு, ஒரு நிமிசம் கேளு" என்று ராஜம்மா தடாலென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். கை உறை இன்னும் கழன்றபாடில்லை. பையிலிருந்து மகளின் மார்க்ஷீட், ஆதார், விண்ணப்பத்தின் நகல் என்று ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பினாள்.

"எங்கிட்ட சொல்ல வேணாம்" என்றாள் அனுசுயா. "அந்தப் பொண்ண நீயே பாரு. உனுக்கு மனசு வந்தா அதுங்கிட்ட மட்டும் சொல்லு." தேவராஜின் போனுக்கு வீடியோ கால் போட்டு நீட்டினாள். திரையில் மதிவதனி. பின்னால் கம்ப்யூட்டரில் அவள் போட்டோவோடு அந்தப் பக்கம். அதற்கும் பின்னால் பெஞ்சில் துலுக்கானம்.

ஜமீலா மார்க்ஷீட்டைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். ராஜம்மாவின் கை உறையைப் பார்த்தாள். கத்தரிக்கோலை வைத்துவிட்டுத் தன் போனை ஆன் செய்தாள். அது உயிர் பெறுவதற்குள் ஒரு யுகம் போயிற்று.

"இப்ப அழுத்து மதி."

மணி நாலு ஐம்பத்தொன்று. மெசேஜ் வரவில்லை. ஐம்பத்திரண்டு. ஜமீலா போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். ஐம்பத்து நாலு. சந்தில் நின்று போனைத் தலைக்கு மேலே பிடித்தாள். மதிவதனியின் வாழ்க்கை கெட்டால் இனி கம்ப்யூட்டரைத் தொடமாட்டேன் என்று அனுசுயா மனசுக்குள் சத்தியம் பண்ணினாள். ஐம்பத்தைந்தில் போன் டிங் என்றது.

ஜமீலா ஒவ்வொரு எண்ணாகக் கத்திப் படித்தாள். சந்தே கேட்டது. திரையில் மதிவதனி குனிந்து தட்டினாள். நிமிரவில்லை. வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"அம்மா! கன்ஃபார்ம் ஆயிடுச்சும்மா!"

ராஜம்மா ஜமீலாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். ஜமீலாவும் அழுதாள். அனுசுயா வாசற்படியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். சொம்பில் தண்ணீர் வந்தது. குடித்தாள். கிளம்புகிறேன் என்று எழுந்தவளை ஜமீலா கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இரு. மீதியெல்லாம் யாருதுனு சொல்லிட்டுப் போ. எனுக்கு ஒரு எழவும் புரியல. போலீஸ் கேட்டா காட்டணுமேனு ஒண்ணுகூட அழிக்கல."

அனுசுயா ஜமீலாவின் போனை வாங்கினாள். விரல் வைத்துத் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. அருள்மொழி, நேர்முகத் தேர்வுக்கு ஜூன் நாலாம் தேதி அசல் சான்றிதழ்களுடன் வரவும். ஜம்புலிங்கம், உங்கள் பட்டா மனுவில் ஆவணம் குறைகிறது, பதினைந்து நாளுக்குள் சேர்க்கவும். எல்லாம் இவள் கையால் தட்டிய பெயர்கள். அருள்மொழி போன வாரம்தான் வந்து, "எனக்கு அதிர்ஷ்டமே இல்லக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். 'விடு, அடுத்த எக்ஸாம் எழுது' என்று அவளுக்கு அறிவுரை வேறு சொன்னாள் இந்த மகராசி.

இன்னும் கீழே போனாள். துலுக்கானம், உதவித்தொகை சரிபார்ப்புக்கு நேரில் வரவும். ஏழு மாதத்துக்கு முந்தைய தேதி. அடுத்த மாதம் நினைவூட்டல் ஒன்று. அதற்கடுத்த மாதம் கடைசியாக ஒன்று. விண்ணப்பதாரர் வராததால் மனு முடித்து வைக்கப்பட்டது.

"அக்கா" என்றாள் மதிவதனி. வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "தாத்தா உங்ககிட்ட ஏதோ கேக்கணுமாம்." போனை அவர் பக்கம் திருப்பினாள். துலுக்கானத்தின் முகம் திரை முழுக்க வந்தது.

"கோச்சிக்காத கண்ணு. மெசேஜெல்லாம் அந்தம்மா போனுக்குத்தான் போச்சுன்னு பொண்ணு சொல்லுது. நம்பளுது எதுனா வந்துகீதா பாரேன்."

வந்தால் மெசேஜ் வரும் என்று சொல்லியே பழகிய வாய். அனுசுயா கையிலிருந்த அந்தக் கடைசி மெசேஜைப் பார்த்தாள்.

"வந்துகீது நைனா" என்றாள். "வந்துகீது, ஆனா..."

"வந்துச்சா!" அவர் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். இடுப்பைப் பிடித்துக்கொள்ளக்கூட மறந்துபோனார். "நான் சொன்னேன்ல, சர்க்கார் நம்பள மறக்காதுனு! இரு கண்ணு, ஊட்ல கெயவி நம்பவே மாட்டா, சொல்லிட்டு வந்துடறேன்."

"நைனா, நில்லு! முழுசா கேளு நைனா!"

மதிவதனி போனை வாசல் பக்கம் திருப்பிக் காட்டினாள். பெஞ்ச் காலியாக இருந்தது. வெயிலில் அவர் மார்க்கெட் பக்கமாக வேகமாக நடந்து போய்க்கொண்டிருந்தார்.