சிவா இருக்கிறா

தவநாயகியின் வேலை நிரந்தரமாக ஒரே ஒரு ஆளின் சம்மதம்தான் பாக்கி. இல்ஃபோர்டில் இருந்த அந்த யூத முதியோர் இல்லத்தின் மேலாளர் மிஸ்ஸிஸ் ஃபெல்ட்மன் தலையாட்ட வேண்டும். ஆட்டாவிட்டால் பழையபடி கோழி இறைச்சியைப் பொதி பண்ணி அடைக்கிற தொழிற்சாலைதான். முட்டைகூடத் தொடாத சைவக்காரி அவள். அங்கே ஒரு வருடம் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது போதும் போதும் என்றாகிவிட்டது.

மிஸ்ஸிஸ் ஃபெல்ட்மனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. யூதரல்லாத ஊழியர்கள் எல்லோரும் புதன்கிழமை பின்னேரங்களில் யூதர்களின் வாழ்க்கைமுறை பற்றிய வகுப்புக்கு வந்தே ஆகவேண்டும். முதல் வகுப்பு சாப்பாடு. பால் பாத்திரம் வேறு, இறைச்சிப் பாத்திரம் வேறு என்றதும் மற்றவர்கள் விழித்தார்கள். தவநாயகி விழிக்கவில்லை. அவளுடைய மாமி வீட்டில் மீன், இறைச்சி காய்ச்சுகிற மச்சச் சட்டி ஒருநாளும் குசினிக்குள் வந்தது கிடையாது. இரண்டாவது வகுப்பு சனிக்கிழமை ஓய்வுநாள். அதையும் கற்பூரம் மாதிரிப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது வகுப்பு மரணமும் துக்கமும். அன்றைக்கு அவள் விசா விஷயமாகக் குரோய்டனில் வரிசையில் நின்றாள். என்ன பாடம் நடந்தது என்று பிறகு கேட்கவுமில்லை.

அடுத்த திங்கள் உதவி மேலாளர் அவசரமாக வந்து சொன்னார்: "மிஸ்ஸிஸ் ஃபெல்ட்மன் இந்த வாரம் வரமாட்டார். வீட்டில் சிட்டிங் ஷிவா. நேரமிருந்தால் போய்ப் பாருங்கள்."

அவள் வீட்டுக்கு வந்து கணவனிடம் அதை அப்படியே தமிழில் சொன்னாள்.

"எங்கட மனேஜர் மடம் சிவா இருக்கிறாவாம்."

தில்லையம்பலம் பத்திரிகையைக் கீழே வைத்தார். உலகத்து மதமெல்லாம் சைவத்திலிருந்து பிரிந்து போனதுதான் என்பது அவருடைய பல வருட வாதம். பெட்ரோல் ஷெட்டில் கூட வேலை செய்கிறவர்கள் அதைக் கேட்டு அலுத்துப்போயிருந்தார்கள்.

"என்னண்டு சொன்னவை? திரும்பச் சொல்லும்."

"சிட்டிங் ஷிவா. ஒரு கிழமைக்காம்."

"பாத்தீரே. நாங்கள் கந்தசஷ்டி விரதம் இருக்கிறம், கௌரி விரதம் இருக்கிறம். அவை சிவா இருக்கினம். வெளிக்கிடும், போவம்."

"மோதகம் அவிக்கட்டோ?"

என்று கேட்டவளே தலையில் தட்டிக்கொண்டாள். "சீ, ஏலாது. எங்கட சட்டியில அவிச்சதை அவை தொடாயினம்."

"எங்கட சட்டி சைவச் சட்டியெல்லே?"

"அவையின்ர ஆசாரம் வேற அப்பா. வகுப்பில சொன்னவை. தோல் உரிக்காத பழமெண்டால் பிழையில்லை."

ஆகவே பழத்தட்டு, ஒரு தேங்காய், கடையில் வாங்கிய பூ, கற்பூரம். தில்லையம்பலம் பட்டை பட்டையாகத் திருநீறு பூசிக்கொண்டு புறப்பட்டார்.

கான்ட்ஸ் ஹில்லில் அந்த வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. யாரும் வாங்கோ என்று சொல்லவில்லை. மிஸ்ஸிஸ் ஃபெல்ட்மனும் அவருடைய தம்பியும் உயரம் குறைந்த முக்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். காலில் சப்பாத்து இல்லை. ஆண்கள் கொஞ்சப்பேர் புத்தகம் பார்த்து ஏதோ ஓதிக்கொண்டு நின்றார்கள்.

"தம்பிக்காரன் சேவ் எடுக்கேல்லை, பாத்தீரே?" தில்லையம்பலம் மனைவியின் காதில் குசுகுசுத்தார். "விரதம்."

"சேர்ட் கிழிஞ்சிருக்கே அப்பா."

"உலகப் பற்றை அறுக்கிறது."

"கண்ணாடியைத் துணி போட்டு மூடியிருக்கினம்."

"முகம் பார்த்தால் ஆணவம் வரும். ஆணவமலம். எல்லாம் எங்கட சித்தாந்தம்தான்."

ஓதல் முடிந்தது. இப்போது தன்னுடைய முறை என்று தில்லையம்பலம் எடுத்துக்கொண்டார். யாரும் கேட்காமலே கண்ணை மூடி, ஒரு சிவன் பதிகத்தை உச்சத்தில் தொடங்கினார். ஓதியவர்கள் புத்தகத்தை மூடிவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

தவநாயகி கற்பூரம் கொளுத்த நெருப்புத் தேடினாள். மூலை மேசையில் உயரமான மெழுகுதிரி ஒன்று எரிந்தது. கிட்டப் போனாள். பக்கத்தில் ஒரு கிழவரின் படம். மிஸ்ஸிஸ் ஃபெல்ட்மனின் மூக்கு அந்த முகத்திலும் இருந்தது.

"எங்கள் அப்பா," என்றார் தம்பி. "ஞாயிற்றுக்கிழமைதான் அடக்கம் செய்தோம்."

தவநாயகியின் கையிலிருந்த கற்பூரம் கைப்பைக்குள் திரும்பிப் போனது. வேலையும் அதோடு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள். கோழி வாடை அந்த இடத்திலேயே மூக்கில் அடித்தது. கணவனிடம் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நிப்பாட்டுங்கோ. செத்த வீடப்பா இது."

தில்லையம்பலம் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். பாட்டை நிறுத்தவில்லை. ராகத்தை மட்டும் முகாரிக்கு மாற்றினார்.

அவருடைய சைவ ஆராய்ச்சி எப்படியோ, குரல் பிழை சொல்ல முடியாத குரல். மிஸ்ஸிஸ் ஃபெல்ட்மன் கைக்குட்டையைத் தேடினார். பாட்டு முடிந்ததும் இருவரும் தட்டை வைத்துவிட்டு, செத்த வீட்டில் செய்வது போல, போயிட்டு வாறம் என்றுகூடச் சொல்லாமல் வெளியே வந்தார்கள்.

"செத்த வீட்டில தேங்காயை ஏன் வச்சனீங்கள்?" என்றாள் பஸ் தரிப்பில்.

"திருப்பி எடுத்துக்கொண்டு வந்தால் மரியாதையே?"

அடுத்த வாரம் மிஸ்ஸிஸ் ஃபெல்ட்மன் அவளைத் தன்னுடைய அறைக்குக் கூப்பிட்டார்.

"நீ மூன்றாவது வகுப்புக்கு வரவில்லை."

"இல்லை மடம்."

"தெரிகிறது. அந்தத் தேங்காயை எப்படித் திறப்பது? என் தம்பி சுத்தியலோடு போராடிக் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டான். அந்த வாரம் நாங்கள் சிரித்தது அந்த ஒருமுறைதான்." பிறகு கேட்டார்: "உன் கணவர் பாடியது என்ன?"

"கடவுளைப் பற்றின பாட்டு மடம். அந்தக் கடவுளுக்குப் பெயர் சிவா."

சிட்டிங் ஷிவா என்றதை அவள் எப்படி எடுத்துக்கொண்டிருப்பாள் என்று மிஸ்ஸிஸ் ஃபெல்ட்மனுக்கு விளங்கியது. வாயைக் கையால் மூடிக்கொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியது.

"வேலை நிரந்தரம். ஆனால் மூன்றாவது வகுப்புக்கு வந்தே ஆகவேண்டும். கணவரையும் கூட்டிவா."

புதன்கிழமை தில்லையம்பலம் முன்வரிசையில், திருநீற்றோடு உட்கார்ந்தார். வகுப்பு எடுத்த பெரியவர், "ஷிவா என்றால் எபிரேய மொழியில் ஏழு. ஏழு நாள் துக்கம்," என்று தொடங்கினார்.

தில்லையம்பலத்தின் கை உயர்ந்தது.

"அது ஏன் ஏழெண்டு தெரியுமோ, எங்கட சைவத்தில..." என்று மனைவியிடம் முணுமுணுத்தார்.

தவநாயகி அவருடைய காலை நன்றாக மிதித்தாள். கை இறங்கவில்லை.