ஒரு வள்ளத்துக்கு ஒரு குப்பி

தருவைகுளம் கரையில் அன்று ஒரு வள்ளம் மட்டும் கடலுக்குப் போகக் கூடாது. அதைச் சொல்லத்தான் இந்துமதி வந்திருந்தாள்.

கொரோனா இரண்டாம் அலை. போன மாதம் ஒருவருக்குத் தொற்று என்று கரையையே அடைத்திருந்தார்கள். ஆளுக்கொரு பரிசோதனை செய்யக் கிட் போதவில்லை. ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த இந்துமதிதான், ஒரு வள்ளத்து ஆட்களின் சளியை ஒரே குப்பியில் சேர்த்துப் பார்க்கலாம் என்றாள். சங்கு குளிப்பவர்கள் சேர்ந்தே போகிறார்கள், ஒரே சட்டியில் சாப்பிடுகிறார்கள். தொற்றுள்ள வள்ளம் நிற்கட்டும், மற்றவை போகட்டும். மருத்துவர் சம்மதித்தார். சுகாதார ஆய்வாளர் வெள்ளத்துரை மட்டும் எச்சரித்தார்: “நிக்கச் சொன்ன வள்ளம் போயிட்டுன்னா, மறுபடி கரையை மூடிருவாங்கம்மா.”

முதல் நாளே விஜயராஜின் வள்ளத்துக் குப்பியில் தொற்று தெரிந்தது. அதைச் சொன்னதும் அவன் எகிறினான்.

“ஏளா, எவனுக்குக் காய்ச்சல்? எல்லாவனும் காளை மாதிரிலா நிக்கான்!”

“காய்ச்சல் இல்லாமலும் இருக்கும் அண்ணாச்சி.”

அவன் ஆட்கள் சிரித்தார்கள்.

கடலுக்கடியில் மூச்சுவிடக் காற்று தரும் கம்ப்ரசர் குழாய் மணலில் சுருண்டு கிடந்தது. ஒருவன் மேலே வந்ததும், அவன் கடித்திருந்த முனையை அடுத்தவன் வாயில் கவ்விக்கொண்டு இறங்குவான்.

“இந்த முனையைக் கழுவுவீங்களா?”

“கடத்தண்ணில முக்குவோம். உப்புல எந்தக் கிருமி பொழைக்கும்?”

“அப்போ கருவாட்டுல எப்படிப் புழு வைக்குது?”

“ஏலே விஜயராஜு, பதில் சொல்லுலே!” பக்கத்து வள்ளத்துத் தேவதாசன் கத்தினான்.

விஜயராஜின் முகம் கறுத்தது. “குழாயைத் தூக்கிப் போடுங்கலே. போவோம்.”

இந்துமதி சுருளின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“எந்திரி.”

“மாட்டேன்.”

“பொம்பளப்புள்ளன்னு பாக்கேன்.”

“பாக்காதீங்க. நான் எந்திரிச்சா நாளைக்கு இந்தக் கரையில ஒரு வள்ளமும் போகாது.”

தேவதாசன் இறங்கி வந்து குழாயின் மறுமுனையில் உட்கார்ந்தான்.

“நீ போறதுக்கு நான் நிக்கணுமால?” என்றான் விஜயராஜ்.

“ஆமாலே. நாளைக்கு எனக்கு வந்தா, நான் நிக்கேன். நீ போ.”

விஜயராஜ் மணலை எத்தினான். பிறகு கையை வீசி மற்ற வள்ளங்களைப் போகச் சொன்னான். தேவதாசனும் போனான். கடைசி வள்ளம் கிளம்பும்வரை இந்துமதி எழவில்லை.

“இப்பம் ஆளாளுக்குப் பாரு. எனக்குத்தான் முதல்ல. ஒண்ணும் இல்லன்னு காட்டுதேன்” என்றான் விஜயராஜ்.

அவள் சளி எடுக்கும் குச்சியைப் பிரித்தாள். “வாயைத் திறங்க அண்ணாச்சி.”

“எப்பம் மூடுனாரு?” என்றான் அவன் ஆட்களில் ஒருவன்.